தடைக்காலக் கடன்

பூமாரியை நான் முதன்முதலில் பார்த்தது 2019இல், எர்ணாவூரில், ஒரு கண்டெய்னருக்குள். கப்பலில் ஏற்றும் கண்டெய்னர்தான். பக்கவாட்டில் இரண்டு ஜன்னல் வெட்டி, ஏசி மாட்டி, 'லோகு டிரெய்லர் சர்வீஸ் பிரைவேட் லிமிடெட்' என்ற கம்பெனியின் ஆபீஸாக ஆக்கியிருந்தார்கள். நான் அப்போது கல்மண்டபத்தில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் அதிகாரி. பெயர் தவசிமுத்து, ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். இந்த வருஷம் மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டதால் இதை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பூமாரி என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். நேரில் 'நீங்கள்' என்றுதான் பேசுவேன், எழுதும்போது அவள் என்றே வருகிறது.

கம்பெனிக்காரர் லோகநாதன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, கிளீனராக லாரி ஏறி, டிரைவராகி, ஓட்டை டிரெய்லர் ஒன்றை வாங்கி, ஒன்று பதினான்கு ஆன பிறகும் லுங்கியோடு யார்டில் நிற்கிற மனிதர். கம்பெனியின் வேலை எளிமையானது. தொழிற்சாலையிலிருந்து கண்டெய்னரை எடுத்துத் துறைமுகத்தில் இறக்குவது, துறைமுகத்திலிருந்து எடுத்துத் தொழிற்சாலையில் இறக்குவது. கணக்கு, பில், வங்கி, வருமான வரி எல்லாம் பூமாரி. 2017இல் லோகநாதனின் மனைவி இறந்துபோனார். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பது சட்டம். மகன் அப்போது படித்துக்கொண்டிருந்ததால் காலியான நாற்காலியில் பூமாரியின் பெயரைப் போட்டார்கள். நாற்காலி என்றால் காகிதத்தில்தான். அவள் உட்கார்ந்தது அதே பிளாஸ்டிக் சேரில்.

அவள் திருவொற்றியூர் மீனவர் குப்பத்துப் பெண். சுனாமிக்குப் பிறகு குடும்பம் எர்ணாவூர்க் குடியிருப்புக்கு வந்தது. தபால் வழியில் பி.காம். படித்தாள். புருஷன் இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றி அவள் ஒரே ஒரு முறை சொன்னாள், பஸ் ரூட் மாறியதைச் சொல்வதுபோல. ஒரே மகள் மகிழினி. அந்தப் பெண்ணின் பெயரில் ஏதாவது இருக்கட்டும் என்று பத்து வருஷம் சீட்டுக் கட்டி மீஞ்சூரில் அரை கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருந்தாள். பூமாரிக்கு இந்த உலகத்தில் சொத்து என்று இருந்தது அது மட்டுந்தான்.

கடன் பற்றி அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தக் கல்லூரியிலும் கற்றதல்ல, குப்பத்தில் கண்டது. ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் குஞ்சு பொரிக்கும் காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், இன்ஜினை இறக்குவதும், வலையைச் சரிபார்ப்பதும் அப்போதுதான். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் காசு வேண்டும். மீனை ஏலம் விடுகிறவரிடம் கடன் வாங்குவார்கள். ஜூன் பதினைந்து படகு இறங்கியதும் பிடிக்கிற மீனிலேயே கழிப்பார்கள். சீசன் நடக்கும்போது கடன் கேட்டு வருகிறவனைக் குப்பம் ஒரு மாதிரிதான் பார்க்கும். ஒன்று குடித்துத் தீர்த்திருப்பான், இல்லை வீட்டில் கல்யாணம் வைத்திருப்பான். படகு கரையில் இருக்கும்போது வாங்கு, தண்ணீரில் இருக்கும்போது அடை. அவளுடைய அண்ணன் டில்லிபாபுவுக்குக் காசிமேட்டில் ஒரு படகில் பங்கு உண்டு. அவரும் அப்படித்தான் செய்துவந்தார், அவர் அப்பாவும் அப்படித்தான்.

எங்கள் வங்கியின் வழக்கம் இதற்கு நேர் எதிர். வண்டி ஓடினால் கம்பெனியின் வரவு ஏறும். வரவு ஏறினால் கடன் வரம்பை ஏற்றுவோம், நாங்களே தேடிப் போவோம். வண்டி நின்றால் வரவு இறங்கும், வரம்பைக் குறைப்போம், போனை எடுக்க மாட்டோம். ஏப்பம் விடுகிறவனைக் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்து, பசித்தவனை வாசலில் நிறுத்தும் வேலையைத்தான் முப்பத்து நான்கு வருஷம் செய்தேன். இதில் வங்கியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதலாளிகளுக்கும் நல்ல காலத்தில்தான் துணிச்சல் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் துணிந்து, ஒரே நேரத்தில் பயப்படுவார்கள். எண்ணூர் சாலையில் இதைப் பார்க்கப் பொருளாதாரம் படிக்க வேண்டாம், டீக்கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

2021 கடைசியில் அந்தத் துணிச்சல் வந்தது. கொரோனா ஊரடங்கு விட்டதும் உலகம் முழுக்கச் சரக்கு கேட்டார்கள், கண்டெய்னர் கிடைக்கவில்லை. எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றன. ஒரு டிரிப்புக்குக் கேட்ட வாடகை கிடைத்தது. வட்டியும் அப்போது மிகக் குறைவு. நான் லட்டுப் பெட்டியோடு எர்ணாவூர் போனேன். பத்து புது டிரெய்லர், விலையில் எண்பத்தைந்து சதவீதம் வங்கி தரும் என்றேன். லோகநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. எதிர் யார்டு கருணாகரன் ஏற்கெனவே பன்னிரண்டு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வண்டிகள் ஒவ்வொன்றாக மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்திறங்குவதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பூமாரி லட்டை எடுத்துக்கொண்டாள். காகிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

"படகு தண்ணியில கீது சார். இப்ப எதுக்குக் கடன்?"

நான் சிரித்தேன். மீன்பிடித் தொழில் வேறு, சரக்குப் போக்குவரத்து வேறு என்று பாடம் நடத்தினேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா என்றும் கேட்டேன். தூற்றத்தான் செய்கிறோம், முறம் வாங்குவதற்கு ஏன் கடன் என்றாள். பழைய வண்டிகளின் கடனில் இன்னும் நாற்பது லட்சம் பாக்கி இருக்கிறது, வருகிற லாபத்தில் அதை முதலில் முடிக்கலாம் என்று லோகநாதனிடம் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு அவள் சொன்னபடியே செய்தார். எனக்கு அந்த வருஷ இலக்கில் துண்டு விழுந்தது, மண்டல அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள்மேல் கோபமாகத்தான் இருந்தது.

அப்புறம் காற்று திரும்பியது. 2022 மே மாதத்திலிருந்து ஒன்பது மாதத்தில் ரிசர்வ் வங்கி வட்டியை இரண்டரை சதவீதம் ஏற்றியது. அதே நேரத்தில் வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, துறைமுகத்துக்குப் போகிற சரக்கும் குறைந்தது. சாலையில் வரிசை இல்லை. கருணாகரனின் வண்டிகள் யார்டில் நின்றபடியே தவணை கேட்டன. பொங்கலுக்குள் எட்டு வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடனே இல்லாத லோகநாதன் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார். பூமாரி வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று யார்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் கோபம் போய் மரியாதை வந்திருந்தது. அந்த மரியாதைதான் பின்னால் என் கண்ணைக் கட்டியது.

2023 மார்ச்சில் அவளே கிளைக்கு வந்தாள். கையில் ஒரு ஃபைல். கருணாகரனிடம் பறிமுதல் செய்ததில் ஆறு வண்டி விலைக்கு வருகிறது, புதிது நாற்பது லட்சம், இது பதினெட்டுக்குக் கிடைக்கும், வங்கி எண்பது லட்சம் கொடுத்தால் மீதியைக் கம்பெனி போட்டு எடுத்துவிடலாம் என்றாள். படகு இப்போது கரையில் இருக்கிறது, வாங்க வேண்டிய நேரம் இதுதான் என்பது அவள் வாதம். லோகநாதனுக்கு உதறல். நல்ல காலத்தில் பத்து வண்டிக்குத் துடித்த மனிதர், மந்தத்தில் அரை விலைக்கும் குறைவாக வருகிற ஆறு வண்டியைக் கண்டு பயந்தார். வேண்டாம் என்று சொன்ன வாய்தானே இப்போது வேணும் என்கிறது என்று தைரியம் சொல்லிச் சொல்லித்தான் அவளால் அவரைக் கூட்டிவர முடிந்தது.

வங்கிக்கும் பயம்தான். ஆனால் மார்ச் மாதம், வருஷக் கடைசி, எனக்கு இலக்கு பாக்கி. மேலிடம் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது. இரண்டு டைரக்டர்களும் சொந்த ஜாமீன் தர வேண்டும். கம்பெனி கட்டாவிட்டால் அவரவர் சொந்தச் சொத்திலிருந்து வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதற்கு அர்த்தம். பூமாரி தன் சொத்துப் பட்டியலில் மீஞ்சூர் மனையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைப் போடும்போது பேனாவை நிறுத்தியதாகவோ பெருமூச்சு விட்டதாகவோ எனக்கு நினைவில்லை.

அந்த விண்ணப்பத்தோடு வரவு மதிப்பீடு ஒன்று இணைக்க வேண்டும், அடுத்த மாதங்களில் எவ்வளவு சம்பாதிப்போம் என்று. அவள் தயாரித்த தாளில் ஜூன் பதினாலு வரை வரவு தரையோடு தரையாக இருந்தது. ஜூன் பதினைந்திலிருந்து சட்டென்று ஏறியது. பாதுகாப்புக்காக முதல் ஆறு மாதம் தவணை இல்லாத அவகாசமும் கேட்டிருந்தாள். அந்தத் தாள் எங்கள் வங்கியில் மூன்று மேசை தாண்டிப் போனது. ஜூன் பதினைந்து எங்கிருந்து வந்தது என்று மூன்று மேசையிலும் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அது சந்தேகமே இல்லாத தேதி. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த எல்லா மந்தமும் அந்தத் தேதியில்தான் முடிந்திருக்கிறது. தடையை அரசாங்கம் போடுகிறது, அரசாங்கமே எடுக்கிறது. வியாபார மந்தத்தை ஒருவரும் நாள் பார்த்துப் போடுவதில்லை, அதனால் நாள் பார்த்து எடுக்கவும் ஆளில்லை. இதை அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். தாளைப் பார்த்ததும் எனக்குத் தேதி புரிந்தது, புன்னகைகூடச் செய்தேன், பிறகு முத்திரை குத்தினேன்.

அந்த வருஷம் ஜூன் பதினைந்து வந்தது. காசிமேட்டில் டில்லிபாபுவின் படகு இறங்கியது. எர்ணாவூரில் இருபது வண்டியில் ஒன்பது ஓடின. ஜூலையில் எட்டு. அக்டோபரில் முதல் தவணை, மாதம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அதையும் நவம்பரையும் எப்படியோ கட்டிவிட்டார்கள். டிசம்பரில் புயல் மழையில் யார்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. டிசம்பர் தவணை வரவில்லை. ஜனவரியும் வரவில்லை, பிப்ரவரியும் வரவில்லை.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி நான் போனேன். லட்டு இல்லை. தொண்ணூறு நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன் பிறகு வழக்கு, வண்டி பறிமுதல், அதுவும் போதாவிட்டால் ஜாமீன்தாரர் சொத்து என்று எழுதி வைத்ததை ஒப்பித்தேன். இரண்டு வண்டியை விற்றுவிடலாம் என்றார் லோகநாதன். வாங்க ஆளில்லை என்பது அவருக்கே தெரியும். பூமாரி இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். பதினெட்டு என்றேன்.

பதினோராம் நாள் மீஞ்சூர் மனை பதினாலு லட்சத்துக்குப் போயிற்று. அடிமாட்டு விலை. அவசரத்தை முகத்தில் பார்த்துவிட்டால் தரகர் விடுவாரா. மகிழினியிடம் சொல்லிவிட்டுத்தான் விற்றாளாம். அந்தப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நேரம். அந்த மனை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்று புத்தகத்திலிருந்து நிமிராமல் சொன்னதாம். பூமாரிக்கு அது ஆறுதலாக இருந்ததா வலித்ததா என்று நான் கேட்கவில்லை.

பணத்தை அவள் கம்பெனிக் கணக்கில் கட்டிய அன்று நானும் அந்தக் கண்டெய்னருக்குள் இருந்தேன். மூன்று பாக்கித் தவணையை எடுத்துக்கொள்ள வந்திருந்தேன், மீதி அடுத்த மாதங்களுக்கு. லோகநாதன் எழுந்து நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. இது உன் கம்பெனிம்மா என்றார்.

"தடையில போட்ட காசுண்ணா. பங்கு," என்றாள் பூமாரி.

"பங்குதாம்மா. இன்னா சந்தேகம்?" என்றார் லோகநாதன்.

குப்பத்தில் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. கரையில் கிடக்கிற படகுக்கு யாரும் கொடுக்காதபோது பணம் போட்டவன் கடன்காரன் இல்லை, பங்காளி. படகு போனால் அவன் பணமும் போகும். படகு பிடித்தால் அவனுக்கு ஒவ்வொரு பிடியிலும் பாகம் உண்டு, படகு இருக்கிறவரைக்கும். பூமாரி அன்றைக்கே கணக்கில் 'பங்கு வகைக்கு, பூமாரி, பதினாலு லட்சம்' என்று ஏற்றினாள். கம்பெனியில் பங்கு என்றால் அதற்குத் தீர்மானம் போட வேண்டும், பங்குப் பத்திரம் எழுத வேண்டும், அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும், பி.காம். படித்தவள். ஆனால் அன்றைக்கு அவள் கணக்கு எழுதியது குப்பத்துப் பெண்ணாக. எனக்கோ மூன்று தவணை கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மந்தம் எந்தத் தேதியில் போனது என்று சொல்ல முடியாது. 2024 மே மாதம் பதினாறு வண்டி ஓடியது. ஜூலையில் இருபதும் ஓடின, வாடகை ஏறியது, எக்ஸ்பிரஸ் சாலையில் மறுபடி வரிசை. மலிவாக வாங்கிய ஆறு வண்டிதான் அதிகம் சம்பாதித்தன. அவள் சொன்னது கடைசியில் சரியாகத்தான் போயிற்று, ஒரு வருஷம் தள்ளி. அந்த ஒரு வருஷத்தின் விலைதான் மீஞ்சூர் மனை. ஆகஸ்டில் நான் புது முன்மொழிவு கொண்டுபோனேன். பதினைந்து புது டிரெய்லர், ஆறு கோடிக் கணக்கு. லோகநாதனின் உதறல் போன இடம் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசிக்குள் வருஷக் கணக்கை முடிக்க வேண்டும். ராயபுரத்திலிருந்து ஆடிட்டர் சௌக்கத் அலி வந்தார். நிதானமானவர், அதிகம் பேச மாட்டார். புது முன்மொழிவுக்குக் கணக்கு வேண்டும் என்பதால் நானும் போயிருந்தேன். அவர் விரல் அந்தப் பதினாலு லட்சத்தில் வந்து நின்றது. பங்கு என்று எழுதியிருக்கிறது, ஆனால் பங்கு எதுவும் கொடுக்கவில்லை, பதிவேட்டின்படி பூமாரியிடம் இருப்பது பத்து ரூபாய்ப் பங்கு ஒன்றே ஒன்று, டைரக்டர் ஆக்குவதற்காகக் கொடுத்தது. ஆகவே இது கடனா, பங்கா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். பங்கு என்றால் பணம் போட்ட தேதியில் கம்பெனியின் மதிப்பைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அன்றைய நிலைமைக்கு ஏறக்குறைய கால்வாசிக் கம்பெனி பூமாரிக்குப் போகும் என்றும் சொன்னார்.

லோகநாதன் யோசிக்கவில்லை. கடன் என்றார். பன்னிரண்டு சதவீத வட்டி போட்டு இன்றைக்கே கொடுத்துவிடலாம், பூமாரி நமக்கு வேற்று ஆளா என்றார். தப்பாக எதையோ சொல்கிறோம் என்ற எண்ணம் அவர் குரலில் இல்லை. மந்தத்தில் பங்கு என்பது அவருக்குச் செலவில்லாத சொல். நல்ல காலத்தில் அதற்கு விலை வந்துவிட்டது.

பூமாரி என் பக்கம் திரும்பினாள். பிப்ரவரியில் அவர் பங்கு என்று சொன்னதை நான் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லும்படி அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்வேனா என்று பார்த்திருக்கலாம். மேசைமேல் என் ஆறு கோடி முன்மொழிவு கிடந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷ வேலையில் நான் வெட்கப்படுகிற நிமிஷம் அதுதான்.

"சார், அன்னிக்கு இந்தக் கம்பெனிக்கு நீங்க ஒரு லட்சம் கடன் குடுத்திருப்பீங்களா?"

அன்றைய நிலைமை வேறு என்று இழுத்தேன்.

"நெலமையக் கேக்கல சார். குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். வங்கி கொடுக்காது, ஃபைனான்ஸ்காரன் கொடுக்க மாட்டான், ஏனென்றால் அன்றைக்கு இது கரையில் கிடந்த படகு என்றாள். பிறகு லோகநாதனைப் பார்த்தாள்.

"சரிண்ணா. கடன்னா கடன். அப்ப வட்டி இன்னிக்கி ரேட்டு இல்ல, அன்னிக்கி ரேட்டு. அன்னிக்கி உனுக்கு வெளியில யார்னா குடுத்திருந்தா அஞ்சு வட்டிக்குத்தான் குடுத்திருப்பான்."

அஞ்சு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். பதினாலு லட்சத்துக்கு மாதம் எழுபதாயிரம், ஏழு மாதத்துக்கு நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அவள் கால்குலேட்டரைத் தொடாமல் சொன்னாள். அவள் நோக்கம் எனக்குப் புரிந்தது. அந்த வட்டியைக் கேட்டதும் மனிதர் மலைத்துப்போவார், அதற்குப் பங்கே தேவலை என்று இறங்கி வருவார், குறைந்தது பேச்சாவது தொடங்கும்.

"சரிம்மா. அஞ்சு வட்டி. எழுதிக்கோ," என்றார் லோகநாதன்.

பஞ்சர் ஒட்டுகிறவரிடம்கூடப் பத்து ரூபாய் குறைக்காமல் நகராத மனிதர். அவர் பேரம் பேசாமல் எதையாவது வாங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அந்தப் பங்கு எவ்வளவு பெறும் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூமாரி கொஞ்ச நேரம் லோகநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பல வருஷமாகத் தெரிந்த ஒரு தெருவில் வீட்டு எண்ணைச் சரிபார்க்கிறவள்போல இருந்தது.

கம்பெனியில் செக் எழுதுவது அவள் வேலை. தன் பெயருக்கு அவளே எழுதினாள், பதினெட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இரண்டு டைரக்டர் கையெழுத்து வேண்டும். அவர் முதலில் போட்டார், அவள் அடுத்ததாகப் போட்டாள். மீஞ்சூரில் அதே வரிசையில் அரை கிரவுண்டு அந்த மாதம் இருபத்தொரு லட்சம் சொன்னார்கள். விசாரித்துத்தான் வைத்திருந்தாள்.

புதுக் கடனுக்கான ஜாமீன் தாளை நான் மேசையில் தள்ளினேன். தள்ளியிருக்கக் கூடாது, ஆனால் தள்ளினேன். அவள் அதைப் படிக்காமல் திருப்பி வைத்து, டைரக்டர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை அன்றைக்கே ஆடிட்டரிடம் கொடுத்தாள். லோகநாதனின் மகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். அவன் பெயரைப் போட்டார்கள், காகிதங்கள் கூரியரில் போய் வந்தன. வரவு பிரமாதமாக இருந்ததால் மேலிடத்தில் ஒரு கேள்வியும் இல்லை. பதினோரு நாளில் ஆறு கோடி அனுமதி ஆயிற்று.

பூமாரி வேலையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது, மகிழினிக்குக் கல்லூரி முதல் வருஷம். ஆனால் இப்போது ஆறு மணி அடித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதில்லை. கேட்ட கணக்கைக் கொடுக்கிறாள், கேட்காததைச் சொல்வதில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் போனபோது புது வண்டிகளில் நாலைந்து யார்டிலேயே நின்றிருந்தன. வெளிநாட்டு ஆர்டர் குறைகிறது என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். லோகநாதன் முகத்தில் பழைய உதறலின் தொடக்கம் தெரிந்தது.

அவர் வெளியே போனதும் அவளிடம் கேட்டேன். போன செப்டம்பரில் படகு தண்ணீரில்தானே இருந்தது, பதினைந்து வண்டி வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கலாமே.

அவள் ரசீதுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"பங்காளின்னா சொல்லியிருப்பேன் சார். நான் சம்பளக்காரி."